எந்தத் தவறு பொறுக்கப்படும்? அயல்நாட்டுப் பயணமும் உள்ளூர் வழக்கங்களும்

டெஹ்ரானில் டாக்சியை விட்டு இறங்கும்போது எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டால், பல ஓட்டுநர்கள் உடனே தொகையைச் சொல்வதில்லை. "காபெல் நதாரே" என்கிறார்கள். உங்களுக்கு முன்னால் இதெல்லாம் ஒரு பொருட்டா என்பதுபோல அதற்குப் பொருள். இதைக் கேட்ட புதியவர் ஈரானியரின் தாராள மனத்தை வியந்து, நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டினால், பின்னாலிருந்து ஓட்டுநர் கூப்பிடுவார். அல்லது கூப்பிடக் கூச்சப்பட்டு மனத்துக்குள் நொந்துகொள்வார். பணம் வேண்டாம் என்பது அவர் கருத்தே இல்லை. பணப் பேச்சைத் தாமே முந்திக்கொண்டு எடுக்கக் கூடாது என்ற மரியாதையைத்தான் அவர் காட்டினார். பயணி இரண்டு மூன்று முறை வற்புறுத்திக் கேட்க வேண்டும், அதன்பின் அவர் தொகையைச் சொல்ல வேண்டும் என்பது இருவருக்கும் தெரிந்த முறை. பாரசீக மொழியில் இதற்குத் தாரோஃப் என்று பெயர். சாப்பிட வாருங்கள் என்ற அழைப்பு, கடைக்காரர் விலை சொல்லும் விதம், கதவருகே யார் முதலில் நுழைவது என்ற போட்டி என அங்கு அன்றாட வாழ்வு முழுவதிலும் இது ஊடுருவியிருக்கிறது.

பயணத்துக்கு முன் நாம் தேடிப் படிக்கும் 'செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை' பட்டியல்களில் தாரோஃப் ஒரு வரியாக வந்துவிட்டுப் போகும். அதற்கு மேலே பெருவிரலை உயர்த்திக் காட்டாதீர்கள் என்றும், கீழே பொது இடத்தில் முத்தமிடாதீர்கள் என்றும் எழுதியிருக்கும். இப்பட்டியல்களில் எனக்குள்ள மனக்குறை, அவை எல்லாத் தவறுகளையும் ஒரே எடையில் வைக்கின்றன என்பதுதான். ஜப்பானில் சோற்றுக் கிண்ணத்தில் சாப்ஸ்டிக்கைச் செங்குத்தாகக் குத்தி நிறுத்துவதும், தாய்லாந்தில் மன்னரின் படத்தை அவமதிப்பதும் அடுத்தடுத்த வரிகளில் நிற்கும். முன்னதற்குக் கிடைப்பது எதிரே இருப்பவரின் முகச்சுளிப்பு. பின்னதற்குக் கிடைப்பது சிறை. எது பொறுத்துக்கொள்ளப்படும், எது பொறுத்துக்கொள்ளப்படாது என்ற வேறுபாடு தெரியாமல் ஐம்பது விதிகளை மனப்பாடம் செய்தவர், தவறான இடத்தில் நடுங்கி, நடுங்க வேண்டிய இடத்தில் அலட்சியமாக இருந்துவிடுகிறார்.

பட்டியல்கள் காரணத்தையும் சொல்வதில்லை. ஜப்பானில் இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் சாப்ஸ்டிக்குகளைக் குத்தி நிறுத்துவார்கள். சாப்ஸ்டிக்கிலிருந்து சாப்ஸ்டிக்குக்கு உணவைக் கைமாற்றுவதும் கூடாது. தகனத்துக்குப் பின் உறவினர்கள் எலும்புகளை அப்படித்தான் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிக் கலயத்தில் இடுகிறார்கள். இந்த ஒரு காரணம் தெரிந்துவிட்டால் இரண்டு விதிகளும் தாமாகவே நினைவில் தங்கிவிடும். சாவுச் சடங்கை நினைவூட்டுவதை விருந்து மேசையில் செய்யலாகாது என்ற பொதுக்கருத்தும் பிடிபடும். ஜப்பானிய மொழியில் நான்கு என்ற எண்ணின் உச்சரிப்பு சாவு என்ற சொல்லை ஒத்திருப்பதால் நான்கு நான்காகப் பரிசுப் பொருள் தருவதைத் தவிர்ப்பதும், சீனாவில் கடிகாரத்தைப் பரிசளிக்கத் தயங்குவதும் இந்த வரிசையில் வருபவையே. சீன மொழியில் கடிகாரம் கொடுத்தல் என்பதும், ஒருவரின் கடைசி நேரத்தில் உடனிருத்தல் என்பதும் காதுக்கு ஒன்றாகவே ஒலிக்கும்.

எடையில் முதலில் நிற்பது சட்டம். மரியாதைக் குறைவு என்று வெளியூர்க்காரர் நினைப்பது சில நாடுகளில் குற்றமாகவே எழுதப்பட்டிருக்கிறது. தாய்லாந்தின் குற்றவியல் சட்டத்தில் 112ஆம் பிரிவு, அரசரையோ அரசியையோ பட்டத்து வாரிசையோ இழிவுபடுத்துபவருக்கு ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. 2006 டிசம்பரில் சியாங் மாய் நகரத்தில் குடிபோதையில் மன்னரின் படங்கள்மீது கறுப்பு வண்ணம் தெளித்த சுவிட்சர்லாந்துக்காரர் ஒருவருக்கு 10 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. பிறகு மன்னரே மன்னிப்பு வழங்க, நாட்டை விட்டு அனுப்பப்பட்டார். பணத்தாளிலும் மன்னரின் முகம் இருப்பதால், கை நழுவிப் பறக்கும் தாளைக் காலால் மிதித்து நிறுத்துவது அங்கு பார்ப்பவரைத் திடுக்கிட வைக்கும் செயல். வேறு எங்கும் யாரும் யோசிக்காமல் செய்யும் காரியம் அது.

ஜெர்மனியில் நாஜி வணக்கம் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. 2017 ஆகஸ்டில் பெர்லினில் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் கையை நீட்டி நின்று ஒருவரையொருவர் படமெடுத்துக்கொண்ட சீனப் பயணிகள் இருவரைக் காவல்துறை பிடித்தது. ஆளுக்கு 500 யூரோ பிணைத்தொகை கட்டிய பிறகே விடுவித்தது. ஒரு நாட்டுக்குத் தீராத காயமாக இருக்கும் வரலாறு, இன்னொரு நாட்டவருக்கு வேடிக்கைப் படத்துக்கான பின்னணியாகிவிடுகிறது. கிரேக்கத்தில் 2001 நவம்பரில் கலமாட்டா விமானப்படைத் தளத்தருகே விமானங்களைப் பார்த்துக் குறிப்பெடுத்த 12 பிரித்தானியரும் 2 டச்சுக்காரரும் உளவாளிகள் என்று கைதானார்கள். விமானம் பார்ப்பதை ஒரு பொழுதுபோக்காகவே கிரேக்க அதிகாரிகள் கேள்விப்பட்டதில்லை. மேல்முறையீட்டில் அவர்கள் விடுதலையாவதற்கு மறு ஆண்டு நவம்பர் வரை ஆயிற்று.

இப்படி மாட்டிக்கொண்டால் தூதரகம் மீட்டுவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. தூதரக உறவுகள் பற்றிய 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவு தருவது ஒன்றுதான்: கைதான வெளிநாட்டவர் கேட்டால் அவர் நாட்டுத் தூதரகத்துக்குச் செய்தி சொல்ல வேண்டும், தூதரக அதிகாரி அவரைச் சந்திக்கவும் வழக்கறிஞருக்கு ஏற்பாடு செய்யவும் இடம் தர வேண்டும். உள்ளூர்ச் சட்டத்துக்கு மேலே நின்று விடுவிக்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை. மருந்துப் பெட்டி, மின் சிகரெட் போன்றவற்றையும் இந்தக் கணக்கில் சேர்த்துப் பார்ப்பது நல்லது. மின் சிகரெட்டை சிங்கப்பூரும் தாய்லாந்தும் தடைசெய்திருக்கின்றன. ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்கப்பொருள் கலந்த மருந்தை மருத்துவர் சீட்டோடு கொண்டுபோனாலும் ஜப்பான் அனுமதிப்பதில்லை. இவற்றைப் புறப்படும் முன் அந்தந்த நாட்டு அரசின் அறிவிப்பில் சரிபார்த்துக்கொள்ளலாம். அதிகம் யோசிக்க வேண்டிய பகுதி இது அன்று.

யோசிக்க வேண்டிய பகுதி புனிதம் சார்ந்தது. இங்கே சட்டம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் காயம் ஆழமானது. மலேசியாவின் சபா மாநிலத்தில் உள்ள கினபாலு மலை, கடசான் டூசுன் மக்களுக்கு இறந்தவர்களின் ஆவிகள் தங்கும் இடம். 2015 மே மாத இறுதியில் அதன் உச்சியில் வெளிநாட்டுப் பயணிகள் சிலர் ஆடை களைந்து படமெடுத்துக்கொண்டார்கள். ஜூன் 5ஆம் நாள் அம்மலையை நிலநடுக்கம் உலுக்கியது. சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த பள்ளிப் பிள்ளைகள் உட்பட 18 பேர் மாண்டார்கள். பயணிகளில் நால்வருக்கு மூன்று நாள் சிறையும் ஆளுக்கு 5,000 ரிங்கிட் அபராதமும் விதிக்கப்பட்டன. நிர்வாணப் படத்தால் நிலம் நடுங்குமா என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் நையாண்டி செய்தன. நீதிமன்றம் அவர்களைத் தண்டித்தது நிலநடுக்கத்துக்காக அன்று, பொது இடத்தில் அநாகரிகமாக நடந்துகொண்டதற்காக. நையாண்டி செய்தவர்கள் கவனிக்காமல் விட்டது, மலையடிவாரத்தில் வாழ்ந்த மக்கள் அந்தப் படங்களையும் பிணங்களையும் ஒரே வாரத்தில் பார்க்க நேர்ந்தது என்பதை. அவர்களுடைய நம்பிக்கையை ஏற்காதவருக்கும் அந்தத் துக்கத்தின் முன் வாயடக்கம் வேண்டியிருந்தது.

புத்தர் சிலைகள் சார்ந்த வழக்குகள் இதைவிட எண்ணிக்கையில் அதிகம். இலங்கையில் 2012இல் புத்தர் சிலைக்கு முத்தமிடுவதுபோலப் படமெடுத்துக்கொண்ட பிரெஞ்சுப் பயணிகள் மூவருக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை கிடைத்தது. 2014இல் புயத்தில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த பிரித்தானியப் பெண் ஒருவர் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். அவர் பௌத்தத்தின்மேல் கொண்ட பற்றினால்தான் அதைக் குத்திக்கொண்டிருந்தார். 2017இல் இலங்கை உச்ச நீதிமன்றம் அவர் நடத்தப்பட்ட விதம் சட்டத்துக்குப் புறம்பானது என்று கூறி இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. பக்தியால் செய்ததே அவமதிப்பாகப் பார்க்கப்பட்டது எப்படி என்றால், தேரவாத பௌத்தத்தைப் பின்பற்றும் நாடுகளில் புத்தரின் உருவம் அலங்காரப் பொருள் ஆவதில்லை, அது இருக்கும் இடமும் உயரமும் முக்கியம். சிலைக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுப்பது ஏன் தவறு, சிலையின் பீடத்தில் ஏறி உட்காருவது ஏன் அதைவிடப் பெரிய தவறு என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஆஸ்திரேலியாவின் உலுரு பாறையின் கதையில் சட்டமும் புனிதமும் மரியாதையும் ஒன்றோடொன்று மோதியதைப் பார்க்கலாம். 1985 அக்டோபர் 26ஆம் நாள் அந்நிலம் அனங்கு பழங்குடியினரிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. ஆனால் பாறைமேல் ஏறும் பாதை மூடப்படவில்லை. மாலா என்ற மூதாதையர் ஏறிய பாதை அது என்பதும், தங்கள் நிலத்துக்கு வந்த விருந்தினர் அங்கே விழுந்து சாகும்போது அந்தப் பொறுப்பும் துயரமும் தங்களையே சேர்கின்றன என்பதும் அனங்கு மக்களின் நிலைப்பாடு. தயவுசெய்து ஏறாதீர்கள் என்ற வேண்டுகோளைப் பாறையடியில் எழுதி வைத்தார்கள். தடை இல்லை, வேண்டுகோள்தான். அதைப் படித்துவிட்டுத் திரும்பியவர்களும் உண்டு. படித்துவிட்டு ஏறியவர்களும் உண்டு. 2017இல் பூங்கா நிர்வாகக் குழு பாதையை மூட முடிவெடுத்து, 2019 அக்டோபர் 26 அன்று மூடியது. மூடப்போகும் செய்தி பரவியதும் கடைசி நாள்களில் ஏறுவதற்கு நீண்ட வரிசை நின்றது. அந்த வரிசையில் நின்றவர்கள் எவரும் சட்டத்தை மீறவில்லை. சட்டம் அனுமதிப்பது எல்லாம் வீட்டுக்காரர் விரும்புவது ஆகிவிடாது என்பதற்கு அதைவிடத் தெளிவான காட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

புனிதத்துக்கு அடுத்த நிலையில் வீடும் வாசலும் வருகின்றன. மங்கோலியர் வாழும் வட்டக் கூடாரத்துக்குள் நுழையும்போது வாசற்படியை மிதிக்கக் கூடாது, நடுவிலுள்ள அடுப்பை நோக்கிக் காலை நீட்டக் கூடாது. ரஷ்யாவில் வாசற்படிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று கைகுலுக்குவதில்லை. ஒருவர் படியைத் தாண்டி வந்த பிறகே கை நீட்டுவார்கள். ஜப்பானிய வீட்டின் நுழைவிடமான கென்கானைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இந்த எல்லை உணர்வு எவ்வளவு நுட்பமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பது புரியும். கதவைத் திறந்ததும் ஓடோ கல்லோ பதித்த தாழ்ந்த தரை. அதிலிருந்து ஒரு படி உயரத்தில் மரத்தரை. தாழ்ந்த தரை இன்னும் தெருவைச் சேர்ந்தது, மரத்தரை வீட்டைச் சேர்ந்தது. செருப்போடு மேலே கால் வைக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும்; வெறுங்காலையோ காலுறையையோ கீழே வைப்பதும் அதே அளவு தவறு என்பதைப் பலர் அறிவதில்லை, ஏனெனில் தெருவின் அழுக்கு அந்தக் காலுறை வழியாக வீட்டுக்குள் ஏறிவிடும். ஆகவே செருப்பிலிருந்து காலை எடுத்து நேராக மேல்தரையில் வைத்து ஏறி, பிறகு குனிந்து செருப்புகளை வாசலைப் பார்த்தபடி திருப்பி வைக்கிறார்கள். உள்ளே நடமாட ஒரு ஜோடி மிதியடி உண்டு. தத்தாமி பாய் விரித்த அறைக்குள் அதையும் கழற்ற வேண்டும். கழிப்பறைக்குத் தனி ஜோடி. கழிப்பறை மிதியடியோடு விருந்தினர் கூடத்துக்குத் திரும்பி வந்து நிற்பது வெளிநாட்டவர் செய்யும் மிகப் பிரபலமான தவறு. வீட்டார் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். இது மன்னிக்கப்படும் வகை.

பிரான்சில் வாசல் என்பது ஒரு சொல். கடைக்குள் நுழைந்தவுடன், வேறு எதைக் கேட்பதற்கும் முன்பாக, 'போன்ஷூர்' என்று சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் எடுத்த எடுப்பில் விலை கேட்பவருக்குக் கிடைக்கும் குளிர்ந்த வரவேற்பைத்தான் பலர் பாரிஸ்காரர்களின் திமிர் என்று எழுதிவிடுகிறார்கள். கடை என்பது கடைக்காரரின் இடம், அங்கே நுழைபவர் முதலில் வாழ்த்துச் சொல்ல வேண்டும் என்பது அங்குள்ளவர் கணக்கு. வாழ்த்தாமல் கேட்பவர் தம்மை மனிதராகவே மதிக்கவில்லை என்று அவர் எடுத்துக்கொள்கிறார். ஒரே சொல்லில் சரியாகிவிடக்கூடிய இந்தப் பிணக்கு இத்தனை காலமாக நீடிப்பது வியப்பு.

சைகைகளைப் பற்றிப் பட்டியல்கள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. அத்தனை பக்கம் அவற்றுக்குத் தேவையில்லை என்பது என் எண்ணம். கிரேக்கத்தில் விரித்த உள்ளங்கையை ஒருவர் முகத்துக்கு நேராகக் காட்டுவது வசவு, பிரேசிலில் பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்ப்பது ஆபாசம் என்பன போன்ற சிலவற்றைத் தெரிந்துகொண்டு, மற்றபடி கைகளை அடக்கமாக வைத்துக்கொண்டால் போதும். பல்கேரியா மட்டும் விதிவிலக்கு. அங்கு தலையை மேலும் கீழும் அசைத்தால் இல்லை என்றும் பக்கவாட்டில் அசைத்தால் ஆம் என்றும் பொருள். வெளிநாட்டவரிடம் பேசிப் பழகிய பல்கேரியர்கள் எதிரே இருப்பவருக்காகத் தங்கள் அசைவைத் திருப்பிக்கொள்வதும் உண்டு என்பதால் குழப்பம் இரட்டிக்கும். தலையை நம்பாமல் வாய்ச்சொல்லைக் கேட்பதே வழி: 'தா' என்றால் ஆம், 'நே' என்றால் இல்லை. எல்லையைத் தாண்டிக் கிரேக்கத்துக்குப் போனால் 'நே' என்பதற்கு ஆம் என்று பொருள்; அதற்கு யாரும் பொறுப்பேற்க முடியாது.

நிற்கும் தூரம் சைகையைவிட நுட்பமானது, ஏனெனில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் 1960களில் இதை ஒரு தனித் துறையாகவே வளர்த்து, நெருக்கமானவர்களுக்கு 45 சென்டிமீட்டர் வரை, நண்பர்களுக்கு 120 சென்டிமீட்டர் வரை என்று வகுத்தார். அந்த அளவுகள் அமெரிக்கர்களைக் கவனித்து எடுக்கப்பட்டவை. உலகப் பொதுவிதியாகக் கொள்ளத்தக்கவை அல்ல. 42 நாடுகளில் ஏறத்தாழ 9,000 பேரிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அந்நியரிடமிருந்து மிக விலகி நிற்க விரும்பியவர்கள் ருமேனியர்கள், மிக நெருங்கி நிற்க ஒப்பியவர்கள் அர்ஜென்டினர்கள் என்று தெரிந்தது. எதிரே இருப்பவர் ஓரடி பின்வாங்கினால் தொடர்ந்து முன்னேறாமல் நிற்பதும், அவர் ஓரடி நெருங்கினால் பின்வாங்காமல் நிற்பதும்தான் இதில் கடைப்பிடிக்க முடிந்த ஒரே விதி. இரண்டாவது, சொல்வதைவிடச் செய்வது கடினம்.

டிப்ஸ் கொடுப்பதில் குழம்பாத பயணி இல்லை. இங்கும் காரணம் தெரிந்தால் குழப்பம் குறையும். அமெரிக்காவில் டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகத் தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி, கூட்டாட்சிச் சட்டப்படி, 1991 முதல் மணிக்கு 2.13 டாலர்தான், மீதியை வாடிக்கையாளர் தருவார் என்ற கணக்கில் அமைந்த ஏற்பாடு அது. சில மாநிலங்கள் முழுக் கூலியையும் கட்டாயமாக்கியிருந்தாலும், உணவகங்களில் 15 முதல் 20 விழுக்காடு கொடுப்பது நாடெங்கும் வழக்கம். ஆகவே அங்கே டிப்ஸ் வைக்காமல் எழுந்து போவது, பாராட்டாமல் போவது ஆகாது. கூலியில் ஒரு பகுதியைத் தராமல் போவதாகவே பார்க்கப்படும். பிரான்சில் சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கியிருக்கிறது, சில்லறையை விட்டுவிட்டுப் போனால் நல்லது, போகாவிட்டாலும் குறையில்லை. ஜப்பானில் மேசையில் பணத்தை வைத்துவிட்டு வந்தால், மறந்து விட்டுவிட்டீர்கள் என்று ஊழியர் தெருவரை ஓடி வரக்கூடும். நல்ல சேவை என்பது விலையின் பகுதி, அதற்குத் தனியே பணம் நீட்டுவது ஊழியரைச் சங்கடப்படுத்தும் என்பது அங்குள்ள எண்ணம். பாரம்பரிய விடுதியில் தனிப்பட்ட உதவி செய்தவருக்கு அன்பளிப்புத் தருபவர்கள்கூடப் பணத்தை உறையிலிட்டே தருவார்கள்.

நேரத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஜெர்மானியர் நேரம் தவறாதவர், வேறு சிலர் தவறுபவர் என்ற தேய்ந்த வாக்கியத்தில் முடிந்துவிடும். எத்தியோப்பியாவில் நிலைமை சுவையானது. அங்கு கடிகாரமே வேறு. நாள் நள்ளிரவில் தொடங்காமல் விடியலில் தொடங்குவதாக எண்ணுகிறார்கள். காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. காலை ஒன்பது, மூன்று மணி. நிலநடுக்கோட்டுக்கு அருகே ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உதிப்பதால் இந்தக் கணக்கு அங்கு வெகு இயல்பாகப் பொருந்துகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் சுவாஹிலி பேசுவோரும் இப்படியே எண்ணுகிறார்கள். பேருந்து மூன்று மணிக்கு என்று ஒருவர் சொன்னதை நம்பிப் பிற்பகலில் வந்து நிற்பவர், பேருந்து போய் ஆறு மணி நேரம் ஆகிவிட்டது என்று அறிந்து, ஊர்க்காரர்களின் நேரந்தவறாமையை அப்போதுதான் உணர்வார். எந்தக் கணக்கு என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். அங்குள்ளவர்கள் அந்தக் கேள்விக்குப் பழகியவர்கள்.

உபசரிப்பை மறுப்பது எப்படி என்பது பயணிக்குத் தெரிந்திருக்க வேண்டிய கலைகளில் மிகக் கடினமானது. வளைகுடா நாடுகளில் கைப்பிடியற்ற சிறு கிண்ணத்தில் கால்வாசிக்கு மேல் ஊற்றாமல் காப்பி தருவார்கள். காலியான கிண்ணத்தை நீட்டினால் மறுபடி ஊற்றுவார்கள். போதும் என்று வாயால் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், கிண்ணத்தை இப்படியும் அப்படியும் இலேசாக ஆட்டிக் கொடுத்தால் விஷயம் முடிந்தது. எத்தியோப்பியாவில் காப்பிச் சடங்கு மூன்று சுற்று. மூன்றாவதற்குப் பெயர் பரக்கா, ஆசி என்று பொருள். முதல் சுற்றோடு எழுந்து போவது ஆசி வாங்காமல் போவதற்குச் சமம். மதுவோ இறைச்சியோ கூடாதவர்களுக்கு ஏற்படும் சங்கடம் வேறு. பிடிக்கவில்லை என்று சொன்னால் விருந்தோம்புபவர் தம் சமையலைக் குறைகூறியதாக நினைக்கலாம். சமயமோ உடல்நலமோ காரணம் என்றால் ஏறத்தாழ எல்லா நாட்டிலும் ஏற்றுக்கொள்வார்கள். அதைத் தட்டு முன்னால் வந்த பிறகு சொல்வதைவிட, அழைப்பு வந்த அன்றே சொல்வது அவர்களுக்கு உதவி. கொரியாவில் மூத்தவர் ஊற்றும் மதுவை அருந்தாதவர்கூட, கிண்ணத்தை இரு கைகளாலும் பெற்றுக்கொண்டால் மரியாதை காப்பாற்றப்பட்டுவிடும்.

கேமரா இப்போது தனிச் சிக்கலாகிவிட்டது. 1950இல் உலகில் எல்லை தாண்டிச் சென்ற சுற்றுலாப் பயணிகளின் வருகைகள் சுமார் 2.5 கோடி, 2024இல் சுமார் 140 கோடி. ஒருவர் செய்யும்போது பொறுத்துக்கொள்ளக்கூடிய சிறு தொல்லை, நாளுக்கு ஆயிரம் பேர் செய்யும்போது வேறொன்றாகிறது. ஜப்பானில் கியோட்டோ நகரின் கியோன் பகுதியில் வேலைக்குப் போகும் கெய்ஷாக்கள் என்ற மரபுக் கலைஞர்களை வழிமறித்துப் படமெடுத்தவர்களின் தொல்லை தாங்காமல், 2019இல் அங்குள்ள தனியார் தெருக்களில் படமெடுக்கத் தடையும் 10,000 யென் அபராதமும் அறிவித்தார்கள். 2024இல் சில சந்துகளுக்குள் நுழையவே தடை வந்தது. அதே ஆண்டு மே மாதம், ஃபுஜி மலை ஒரு கடையின் கூரைக்குமேல் எழுந்து நிற்பதுபோலத் தெரியும் ஓரிடத்தில், சாலையை மறித்துப் படமெடுத்த கூட்டத்தைத் தடுக்க ஃபுஜிகவாகுச்சிகோ ஊர் நிர்வாகம் 20 மீட்டர் நீளத்துக்குக் கறுப்புத் திரை கட்டியது. ஊர்க்காரர்கள் தங்கள் மலையைத் தாங்களே மறைக்கும் நிலை அது. பசிபிக் தீவு நாடான பலாவ் வேறு வழி கண்டது: 2017 முதல், வருகிற ஒவ்வொருவரின் கடவுச்சீட்டிலும், பலாவின் பிள்ளைகளை விளித்துச் சொல்லும் ஓர் உறுதிமொழியை முத்திரையாகக் குத்தி, அதில் கையெழுத்து வாங்குகிறது.

வழக்கங்கள் மாறுகின்றன, பட்டியல்கள் அதே வேகத்தில் மாறுவதில்லை. சீன விருந்தில் தட்டைக் காலி செய்தால் விருந்தளிப்பவர் போதுமான அளவு பரிமாறவில்லை என்று பொருளாகும், எனவே கொஞ்சம் மீதம் வையுங்கள் என்று இன்னும் பலர் அறிவுரை சொல்கிறார்கள். சீன அரசோ தட்டைக் காலி செய்யும் பிரசாரத்தை ஆண்டுக்கணக்கில் நடத்தி, 2021 ஏப்ரலில் உணவு விரயத்துக்கு எதிராகச் சட்டமே இயற்றிவிட்டது. சவூதி அரேபியா 2019 செப்டம்பரில் சுற்றுலா விசாவைத் திறந்தபோது, வெளிநாட்டுப் பெண்கள் அபாயா என்ற நீண்ட மேலங்கியை அணிய வேண்டியதில்லை, உடலை மறைக்கும் கண்ணியமான உடை போதும் என்று அறிவித்தது. அதற்கு முந்திய குறிப்புகளைப் படித்தவர் வேறு நாட்டுக்குத் தயாராகிறார். ஒரே நாட்டிலும் தலைநகர இளைஞரும் மலைக்கிராமத்து மூதாட்டியும் ஒரே விதிகளோடு வாழ்வதில்லை. விடுதி வரவேற்பாளரிடம் கேட்பதில் ஒரு சிக்கல் உண்டு: வாடிக்கையாளர் மனம் கோணக் கூடாது என்பதால் எதைக் கேட்டாலும் பரவாயில்லை என்றே அவர் சொல்வார். செய்யலாமா என்று கேட்பதைவிட, இங்குள்ளவர்கள் இதை எப்படிச் செய்வார்கள் என்று கேட்டால் உண்மையான பதில் வரும். கேட்க ஆளில்லாத இடத்தில் முதலில் நுழையாமல், முன்னால் போகும் உள்ளூர்க்காரர் கையையும் காலையும் எங்கே வைக்கிறார் என்று பார்த்துப் பின்தொடரலாம்.

ஃபிஜித் தீவுகளின் கிராமங்களில் இந்தப் பின்தொடர்தலுக்கே ஒரு சடங்கு இருக்கிறது. அதன் பெயர் செவுசெவு. வருபவர் யங்கோனா செடியின் காய்ந்த வேர்க்கட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு, உள்ளூர்க்காரர் ஒருவர் துணையோடு கிராமத் தலைவரின் வீட்டுக்குப் போகிறார். கிராமத்தின் எல்லையிலேயே தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் கழற்றிவிட வேண்டும். தோளில் மாட்டிய பையைக் கையில் எடுத்துக்கொள்வது நல்லது. பாயில் எல்லோரும் சம்மணமிட்டு உட்கார்ந்த பிறகு வேர்க்கட்டு தலைவர்முன் வைக்கப்படுகிறது. துணைக்கு வந்தவர் இவர் யார், எதற்காக வந்திருக்கிறார் என்று எடுத்துச் சொல்ல, தலைவர் தரப்பில் ஒருவர் வேர்க்கட்டைத் தொட்டு ஏற்று மறுமொழி கூறுகிறார். பிறகு வேரை இடித்து நீரில் கரைத்து, தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி நீட்டுகிறார்கள். ஒரு முறை கைதட்டி, 'பூலா' என்று சொல்லி, ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மூன்று முறை கைதட்ட வேண்டும். மண் கரைசல்போலச் சுவைக்கும். நாக்கு சற்று மரத்துப்போகும். கைதட்டலை எண்ணத் தவறினால் சுற்றியிருப்பவர்கள் சிரித்துக்கொண்டே தட்டிக் காட்டுவார்கள். வேர்க்கட்டு இல்லாமல், தலைவரைப் பார்க்காமல், கேமராவோடு நேராகக் கிராமத்துக்குள் நடந்து போனவரிடம் யாரும் சிரிக்க மாட்டார்கள்.